அயோடின் விட்ட தகடு

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என்னை இந்த நாட்டுக் குடிமகனாக்கினார்கள். மொத்தம் ஆறு நிமிட வேலை. அதில் நான்கு நிமிடம், குமாஸ்தா மையொற்றும் தாளைத் தேடியதில் போயிற்று. விசுவாசப் பிரமாணத்தை மலாயில் சொல்ல வேண்டும். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டிருந்தேன். பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த குமாஸ்தா நம் தமிழர்தான்; அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன். அவர் கண்டுகொள்ளாமல், "சரிண்ணே, சைன் போடுங்க" என்றார்.

தாளில் குத்தியிருந்த தேதியைப் படியிறங்கும்போதுதான் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அதே தேதியில், இதே கூலிம் பட்டணத்தில், வேறோர் அரசாங்கக் கட்டடத்தில் நின்று, அஞ்சலை என்கிற பெண்ணை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதற்கு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் மலாயாவைப் பற்றி எழுது, எழுது என்கிறீர்கள். புலி வருமா, ரப்பர் மரம் எத்தனை உயரம், காட்டில் ஒளிந்திருக்கும் துப்பாக்கிக்காரர்கள் உங்களை ஒன்றும் செய்வதில்லையா என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதற்கெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். நான் அஞ்சலையைப் பற்றி எழுதுகிறேன். அவள் இப்போது இங்கே இல்லை. உங்கள் நடுவில்தான் எங்கோ இருக்கிறாள்.

2

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். திருச்சியில் இண்டர்மீடியட் படித்து, இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவைக்கு வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லாததால் கப்பலேறியவன். வழியனுப்ப வந்த பெரியப்பா, "அங்கேயாவது உருப்படு" என்று ஆசீர்வாதம் செய்தார். ஆகவே ஊரை நினைத்து நான் உருகுவதில்லை. அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு காட்சிதான்.

பௌதிக ஆசிரியர் ஒருநாள் கட்டைவிரல் அகலக் கறுப்புத் தகடு ஒன்றை ஆய்வுக்கூட ஜன்னலோரம் வைத்து, இரண்டு கம்பியை மீட்டரில் மாட்டினார். பேட்டரி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஊசி தானாக எழுந்தது. உள்ளங்கையால் தகட்டை மறைத்தார், ஊசி படுத்தது. கையை எடுத்தார், மறுபடி எழுந்தது. இரும்பின்மேல் செலினியம் என்ற பொருளை மெல்லியதாகப் பூசியிருக்கிறது, வெயில் பட்டால் மின்சாரம் தரும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வகுப்பும் கூடவே போயிற்று. நான் இன்னும் போகவில்லை.

இங்கே வந்து தொட்டுத் தடவி ரேடியோ வேலை கற்றுக்கொண்டேன். காதர் பாயின் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு மேசை போட்டுக்கொள்ள அவர் இடம் கொடுத்தார். காலையில் எட்டு மணிக்கு மேசையைத் துடைப்பேன், பாய் நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீர் ஒன்று அனுப்புவார், பிறகு நாள் முழுவதும் பிறர் வீட்டு ரேடியோவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருப்பேன். இதுதான் என் கடல் கடந்த வாழ்வு.

அவசரகாலம் என்று இங்கே ஒன்று பத்து வருடமாக நடக்கிறது. காட்டிலுள்ள கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்களுக்கு எதுவும் போய்ச் சேரக் கூடாது என்று, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி முள்வேலி போட்டுவிட்டார்கள். வேலிக் கதவில் சோதனை. அரிசி, மருந்து, பேட்டரி எதுவும் கணக்கில்லாமல் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது. கூலிமை அடுத்த கரங்கான் பக்கத்துத் தோட்டங்களில் அப்போது கெடுபிடி அதிகம். பேட்டரி நின்றதும் அங்கே இருந்த ரேடியோக்கள் எல்லாம் செத்தன.

3

அப்படிச் செத்த ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டுதான் அஞ்சலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில் அவள் ஆயாக்கொட்டகை ஆயா. தாய்மார்கள் விடியுமுன் பால் மரம் வெட்டப் போய்விடுவார்கள். அவர்கள் மத்தியானம் திரும்பும்வரை கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது அவள் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள், பினாங்கைக்கூடப் பார்த்ததில்லை.

"அண்ணே, இது பாடுமா?"

"பேட்டரி இருந்தால் பாடும்."

"பேட்டரி இருந்தா நானே பாட வச்சிருவேன்லா. ஒங்ககிட்ட எதுக்கு பஸ் ஏறி வாறேன்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "பதினேழு புள்ளைங்கண்ணே. ஒன்னு அழுதா பதினேழும் அழுவுது. மத்தியானம் பினாங்குலேர்ந்து தமிழ்ப் பாட்டு போடுவாங்க. அத வச்சாத்தான் அடங்கும். பேட்டரி இல்லாம ஏதாச்சும் வழி இருக்கா, பாத்துச் சொல்லுங்கண்ணே."

எனக்குள் அந்தத் திருச்சி ஊசி எழுந்தது. பினாங்குத் துறைமுகத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கப்பல் ரேடியோக்காரர் டிரான்சிஸ்டர் என்ற புதுப்பொருள் ஒன்றைக் கொடுத்திருந்தார். மொச்சைக்கொட்டை அளவுதான். பழைய வால்வு போல மின்சாரத்தைக் குடிக்காது, நக்கிப் பார்த்தாலே போதும் அதற்கு. வெயிலில் மின்சாரம் தரும் தகடு பத்து இருந்தால், அந்த டிரான்சிஸ்டரை வைத்து ஒரு குட்டி ரேடியோவை ஓட்டிவிடலாம்.

இன்னொன்றும் யோசித்தேன். வெயில் ரேடியோவை வேறு யாருக்குக் கொடுத்தாலும் வீண். தோட்டத்தில் வெயில் அடிக்கும்போது லயத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் வீடு திரும்பி உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் சூரியன் இருக்காது. வெயில் நேரத்தில் ரேடியோ வேண்டிய ஒரே மனுஷி என் எதிரே நின்றாள். செய்து தருகிறேன் என்று சொன்னேன். அதுவரை நான் யாருக்கும் எதையும் அப்படி உறுதியாகச் சொன்னதில்லை.

4

செலினியம் கடையில் கிடைக்காது. சண்டைக் காலத்தில் ராணுவம் விட்டுப்போன பழைய மின்கருவிகளை உடைத்து, உள்ளே இருந்ததைச் சுரண்டிப் பொடியாக்கினேன். சிறிய இரும்புத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் பொடியை உருக்கிப் பூச வேண்டும். பூசியவுடன் அது கறுத்துக் கண்ணாடி போல மின்னும். அந்த நிலையில் அதற்கு மின்சாரமே தெரியாது. மறுபடி சூடாக்கி, சாம்பல் நிறமாக்க வேண்டும். அப்போதுதான் உயிர் வரும். ஆனால் எத்தனை சூடு?

என்னிடம் அதற்கான வெப்பமானி இல்லை. பாய் கடையில் விரிசல் விட்டு ஓரமாகக் கிடந்த ரொட்டிக்கல்லைக் கேட்டு வாங்கிக் கொல்லையில் கரியடுப்பின்மேல் வைத்தேன். தகட்டுக்குப் பக்கத்தில் பற்றுவைக்கும் ஈயத்தில் ஒரு துணுக்கும், சுத்த வெள்ளீயத்தில் ஒரு துணுக்கும் போட்டுவைப்பேன். பற்றீயம் உருக வேண்டும், வெள்ளீயம் உருகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கரியைத் தள்ளியும் இழுத்தும் சூட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் பூச்சே உருகி ஓடிவிடும். அழுகின முள்ளங்கி நாற்றம் கிளம்பும்.

"தம்பி, சால்னா கொதிக்கிற நேரத்துல இந்த வாடை வந்தா எவன் உள்ள வருவான்?" என்பார் பாய். மூன்று மணிக்குப் பிறகு, சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும்தான் அடுப்பு மூட்டலாம் என்று சட்டம் போட்டார். நானும் அதற்குக் கட்டுப்பட்டேன்.

பூச்சின் கனம் இன்னொரு தலைவலி. கனமாகப் பூசினால் மேலே வெயில் கிளப்பிவிட்ட மின்சாரம் அடியிலுள்ள இரும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் சோர்ந்துவிடும். மெல்லியதாகப் பூசினால் ஊசிமுனை ஓட்டைகள் விழும், மேலே உள்ள உலோகம் இரும்பைத் தொட்டு எல்லாம் பாழ். அந்த மேல் உலோகமும் வெயிலை உள்ளே விட வேண்டும். அதற்குச் சியாமியர் கோயிலில் புத்தருக்கு ஒட்டுகிற தங்க ரேக்கை வாங்கி வந்தேன். மூச்சு விட்டால் பறக்கும் சரக்கு. வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையாகத் தெரியும். புத்தருக்குச் சேர வேண்டியதை இரும்பில் ஒட்டுகிறோமே என்று ஒரு கணம் இருந்தது, ஒட்டிவிட்டேன்.

நாற்பது தகடு வீணாகிப் பத்து தேறின. பத்தையும் சேர்த்து வெயிலில் வைத்தேன். ஊசி எழுந்தது, பாதிவரை. ரேடியோவுக்கு அது போதாது.

செலினியத்தில் துளி அயோடின் கலந்தால் மின்சாரம் நன்றாக ஓடும் என்று ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். புண்ணுக்குப் போடும் டிஞ்சர் அயோடின்தான். ஆனால் அது மருந்து. மருந்துக்கடையில் பெயரும் அடையாள அட்டையும் எழுதிக்கொள்வார்கள். ரேடியோக்காரன் அயோடின் வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள். காட்டுக்கு ரேடியோவும் மருந்தும் போகிறது என்பதுதானே அவர்கள் பயமே. நான் வாங்கப் பயந்தேன். பயந்தவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்க வேண்டும். அடுத்த தடவை அஞ்சலை வந்தபோது சொன்னேன்.

"அவ்வளவுதானா? புள்ளைங்க கால்ல கையில சிராய்ச்சா போடுறதுக்கு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் குடுத்தது என்கிட்ட இருக்குண்ணே" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பஞ்சில் நனைத்துச் சிறிது கொண்டுவந்தாள். பொடியில் இரண்டு சொட்டுப் பிழிந்து, நிழலில் காயவைத்து, உருக்கி, ஒரு தகடு செய்தேன். மீட்டரில் மாட்டி வெயிலுக்குக் கொண்டுபோனேன். ஊசி மற்றத் தகடுகளுக்கு நின்ற இடத்தைத் தாண்டி, அதைப் போல இன்னொரு மடங்கு போய் நின்றது. அஞ்சலை மேசைமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையை நீட்டித் தகட்டை மறைத்தாள், எடுத்தாள், மறுபடி மறைத்தாள். "புள்ள கண்ண மூடித் தொறக்குற மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

ஆனால் பத்துத் தகட்டை வரிசையாகக் கோத்தால், அதில் எது பலவீனமோ அது விடுகிற அளவுக்குத்தான் மின்சாரம் ஓடும். ஒன்று மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. பத்தும் அப்படி இருக்க வேண்டும்.

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் கிடைச்சா முடிஞ்சிடும்" என்றேன். இதைச் சொன்னது நான். என் வாயால், நல்ல வெளிச்சத்தில், பாய் கடை வாசலில் நின்று சொன்னேன்.

5

ஆயாக்கொட்டகையில் எல்லாத் திரவமும் குழந்தைகளின் கிரைப் வாட்டர் பாட்டிலில்தான் இருக்கும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், ஓமத்தண்ணீர் எல்லாம். அங்கே வேறு பாட்டில் கிடையாது. அஞ்சலையும் பழக்கம் போல அயோடினைக் கிரைப் வாட்டர் பாட்டிலில் ஊற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு வேலிக் கதவுக்கு வந்தாள். அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பெண்ணின் கையில் பாட்டில் பட்டது. வெளியே ஒட்டியிருந்த காகிதத்தில் ஒன்று, உள்ளே இன்னொன்று. மறைத்துக் கடத்துகிறாள் என்பதற்கு அவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. போதாததற்கு அவள் புருஷன் பழைய தொழிற்சங்கக்காரன். அவசரகாலம் தொடங்கிய வருடமே அவனைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். இரண்டு கடிதம் போட்டான், அதோடு சரி. அவனை நாடுகடத்திய காகிதமெல்லாம் ஸ்டேஷனில் பத்திரமாக இருந்தது.

யாருக்கு இது என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை. கூலிம் ரேடியோ அண்ணனுக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று பிற்பகல் போலீஸார் என்னை அழைத்துப் போனார்கள். ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்து, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குக் குடியுரிமை கிடையாது. மனைவியும் ஐந்து வயது மகள் செல்வியும் இருந்தார்கள். என் மேசையில் டிரான்சிஸ்டரும் கம்பிச் சுருளும் கிடந்தன. வெயிலில் மின்சாரம் வரும் தகட்டுக்கு அயோடின் என்று நான் சொன்னால், அதை இவர் நம்புவாரா? திருச்சியில் என் வகுப்பே நம்பிக் காது கொடுக்கவில்லையே. இதெல்லாம் இப்போது நான் அடுக்குகிற காரணம். அப்போது காரணம் எதுவும் மனசில் ஓடவில்லை. பயம் மட்டும்தான்.

"நிறையப் பேர் ரேடியோ கொண்டுவருவாங்க. இவங்களைத் தெரியாது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கணக்குப் போடுகிற மாதிரி சிறிது நேரம் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்யா தப்பா சொல்லிட்டேன். இவரு இல்ல" என்றாள்.

என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

6

எட்டு மாதம் அவளைக் காவலில் வைத்திருந்தார்கள். விசாரணை என்று ஒன்றும் கிடையாது. அவசரகாலத்தில் அது தேவையுமில்லை. கடைசியில், இந்தியாவுக்குப் போகச் சம்மதித்தால் விடுதலை, இல்லாவிட்டால் உள்ளேயே இரு என்று சொல்லியிருக்கிறார்கள். கைநாட்டு வைத்தாள். தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதாகத் தாளில் எழுதியிருந்ததாம். கரங்கானில் பிறந்து வளர்ந்தவளை எங்கே திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. புதுக்கோட்டையில் பிறந்த நான் இங்கே பாய் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பாய் தன் மருமகனை வழியனுப்பப் பினாங்குக்குப் போனபோது, நாகப்பட்டினம் கப்பலுக்கு நின்ற வரிசையில் அவளைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல தம்பி, அந்தப் புள்ள. ஒன்னே ஒன்னுதான் கேட்டுச்சு. தகடு பாடிச்சா பாய்ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாடுதும்மான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லச் சொல்ற?"

அந்தத் தகடுகள் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி மேசை இழுப்பறையின் அடியில் போட்டேன். அயோடின் விட்ட தகடு எது என்று பார்க்காமலே சுற்றினேன்.

நாடு சுதந்திரம் அடைந்தது. செல்வி ஆங்கிலப் பள்ளிக்கூடம் போகிறாள். என்னிடம் தமிழில் தொடங்கி மலாயில் முடிக்கிறாள். ரேடியோவைத் தொடாதே என்றால், "தாப்பா லாப்பா, நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்கிறாள். தாப்பா என்றால் மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். தேசிய கீதத்தைப் பிசிறில்லாமல் பாடுகிறாள். செவ்வாய்க்கிழமை நான் கொண்டுவந்த குடியுரிமைத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"இனிமே நம்மள இந்தியாவுக்கு அனுப்ப மாட்டாங்களாப்பா?"

"யார் அப்படிச் சொன்னது?"

"ஸ்கூல்ல சொன்னாங்க. இந்தியான்னா தப்பு பண்ணவங்கள அனுப்புற எடந்தானே?"

நீங்கள் பொங்கல் மலர் போட்டு, பாரதத் தாய் படம் போட்டு எங்களுக்கு அனுப்புகிறீர்கள். என் மகளுக்கு உங்கள் ஊர் ஒரு தண்டனை. அவளைத் திருத்த நான் வாயெடுத்தேன். தப்புப் பண்ணியவன் இங்கேதான் இருக்கிறேன் அம்மா, என்று தொடங்க வேண்டியிருந்ததால் மூடிக்கொண்டேன்.

7

மறுநாள் புதன்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். குடியுரிமைத் தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். டிஞ்சர் அயோடின் ஒரு பாட்டில் என்றேன். கடைக்காரர் எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பெயர் கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. பையிலிருந்த தாளை எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை. இந்தப் பக்கம் கெடுபிடி எப்போதோ தளர்ந்துவிட்டதாம். நான்தான் கேட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மூன்று மணிக்குமேல் பழைய தகடுகளை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் அடுப்பு மூட்டினேன். பாய் வாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அயோடின் உதவவில்லை, வீண்வேலைக்காக அவள் போனாள் என்றால் ஒரு வகையில் ஆறுதலாக இருந்திருக்கும். நான் மடையன் என்று முடித்துவிடலாம். ஆனால் அது உதவியது. மூன்று நாளில் இன்னும் ஒன்பது தகடு அந்த முதல் அயோடின் தகட்டுக்கு இணையாக வந்தன. பத்தையும் கோத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் வெயிலில் வைத்தேன். பாடியது. மெல்லத்தான், ஆனால் வார்த்தை தெளிவாகக் கேட்டது. பாய் எச்சில் கையோடு வந்து நின்று, பாட்டு முடியும்வரை கேட்டார். என் நிழல் தகட்டில் விழுந்தபோது நின்றது, நகர்ந்தபோது மறுபடி பாடியது.

இதை இப்போது யாருக்கும் கொடுப்பதற்கில்லை. கரங்கானில் எல்லாக் கடையிலும் பேட்டரி தொங்குகிறது. அந்த ஆயாக்கொட்டகைக்கு வேறு ஆயா, வேறு ரேடியோ வந்துவிட்டது. அதனால் என் மேசையிலேயே இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். நாகப்பட்டினத்தில் இறங்கியவள் அங்கிருந்து எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. ஆளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. வார்த்தைக்கு வார்த்தை லா போடுவாள், கடைத்தெருவைப் பாசார் என்பாள், குழந்தை அழுதால் யார் வீட்டுக் குழந்தை என்று பார்க்காமல் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். நீங்கள் அவளை மலாயாக்காரி என்பீர்கள். இங்கே அவளை இந்தியாக்காரி என்று அனுப்பினார்கள். பார்த்தால், பாய் அன்று சொன்னது பொய், இப்போது அது உண்மையாகிவிட்டது என்று சொல்லுங்கள். என் சார்பில் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அதற்கு நான்தான் கப்பலேற வேண்டும். ஏறுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

ரேஷன் கடையிலோ தாலுகா ஆபீஸிலோ யாராவது அவளை நிறுத்தி, இந்த அம்மாளைத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்கக்கூடும். அப்போது நீங்கள் பக்கத்தில் நின்றால், தெரியும் என்று சொல்லுங்கள்.